மூன்றாவது வரைபடம்

முதலாவதை
சீமெந்துப் பையின் உட்புறத்தில் கீறினேன்.
இறக்கக்கண்டி, அரை ஏக்கர்,
வடக்கு மேலே, கடல் வலக்கைப் பக்கம்.
மா ஆலையில் பதினோரு வருஷம்
பட்டியும் கப்பியும் பார்த்த கை,
கோடு நேராகத்தான் விழுந்தது.
மணல்தான் கோட்டுக்குள் நிற்கவில்லை.

ஆலையில் ஒரு விதி இருந்தது:
எந்த இடம் மிக ஒடுங்கியதோ
அந்த இடத்தின் வேகமே முழு ஆலையின் வேகம்.
மற்றதெல்லாம் வெறும் சத்தம்.
இங்கே ஒடுங்கிய இடம் தண்ணீர் என்று பட்டது.
ஒன்றரைக் குதிரைவலு மோட்டரைப் பூட்டினேன்.
நாற்பது நிமிஷம், வெங்காயப் பாத்திக்குக் கொண்டாட்டம்.
மூன்றாம் கிழமை தாள் நுனிகள் கருகின.
அன்று காலைத் தேத்தண்ணியில்
சீனி போட்ட பிறகும் கடல் இருந்தது.

அதிலிருந்து தேத்தண்ணிதான் என் அளவுமானி.
பத்து நிமிஷம் இறைத்து ஒரு கோப்பை,
இருபதில் ஒரு கோப்பை,
முப்பதில் நாக்கு சொன்னது: நிறுத்து.
உப்புத் தண்ணிக்கு மேலே நல்ல தண்ணி
பாலாடை மாதிரிக் கிடக்கிறது.
ஊதிக் குடிக்கவேண்டும்.
உறிஞ்சினால் கிழிந்துவிடும்.

மோட்டரைத் திருப்பிக் கொண்டுபோனேன்.
கடைக்கார ஹயாத்து கண்ணாடியைக் கழற்றி
"ஒன்றரையக் குடுத்து அரையக் கேக்கிற முதல் ஆள்
நீங்கதான்" என்றார்.
காசில் நாலாயிரம் கழித்துக்கொண்டார்.
சிரிப்புக்குக் கழிக்கவில்லை.

இரண்டாவது வரைபடத்தில்
எட்டடி உயரத்தில் ஒரு தாங்கி,
நாளுக்கு நாலு தரம் இருபது இருபது நிமிஷம்,
மிச்சத்தை ஈர்ப்பு விசை பார்த்துக்கொள்ளும்,
அதற்குச் சம்பளமில்லை.
பழைய கசெற்றை உருவி
நாலு மூலைக் கம்பத்திலும் நாடா கட்டினேன்.
வைகாசி முழுக்க நாலு நாடாவும்
கடலைக் கைகாட்டிக்கொண்டு நின்றன.
ஆட்டுக்கொட்டில் காற்றுக்குக் கீழே போனது,
அகத்தி வேலி மேற்கே வந்தது,
கச்சான் காற்றுக்கு முதுகு கொடுத்தபடி
அதன் மறைவில் கச்சான் பாத்தி.

பிறகு நடை.
இராசமலரிடம் ஒரு மாப்பேணி கொடுத்தேன்.
கொட்டிலுக்கும் பாத்திக்கும் போய்வர ஒவ்வொரு தரமும்
ஒரு பயற்றங்கொட்டை.
பின்னேரம் எண்ணினேன்: நூற்று நாற்பத்திமூன்று.
ஒரு தரத்துக்கு முப்பத்தெட்டு மீற்றர்.
அரை ஏக்கருக்குள்ளேயே ஐந்தரைக் கிலோமீற்றர்!
எருக்குழியை நடுவுக்குக் கொண்டுவந்தேன்,
கருவிகளை இடுப்புயரத்தில் தொங்கவிட்டேன்,
வண்டிலுக்குப் பெரிய சில்லுப் போட்டேன்.
அடுத்த கிழமை நாற்பத்தொன்று.
பேணியைக் குலுக்கிக் காட்டினேன்,
பரீட்சை பாஸான பிள்ளை மாதிரி.

அவ கொட்டைகளைப் பார்க்கவில்லை.
"இப்ப பதினொரு மணிக்கே வேலை முடியுது.
அரைநாள் சம்பளமோ?"

ஆலையில் இந்தக் கேள்வியை
யாரும் என்னிடம் கேட்டதில்லை.
நிறுத்தற்கடிகாரத்தோடு நான் நின்ற வரிசையில்
ஆறு பேர் நாலானார்கள்;
அறிக்கையில் அது ஒரு சதவீதம்.
யாரும் கேட்கவில்லை என்பதும் சரியில்லை.
கேட்கும் தூரத்தில் நான் நிற்கவில்லை.

மிச்சம் பிடித்த நேரம் ஆருக்கு?
மணல் தெரியும், காற்று தெரியும்,
குழாயின் விட்டம் தெரியும்.
இதற்கு அளவுத்திட்டம் தெரியவில்லை.

மூன்றாவது வரைபடத்தில்
சம்பளம் முழுநாள்.
தாங்கிக்குப் பின்னால் மூன்று பாத்தி
'இ.ம.' என்று எழுதியிருக்கிறது.
பதினொன்றுக்குப் பிறகு அங்கே
அவ கத்தரி நடுகிறா,
என்னைக் கேட்காமல், இடைவெளி அளக்காமல்.

அந்த மூன்று பாத்திக்காக
மோட்டர் இப்போது இருபத்திரண்டு நிமிஷம் ஓடுகிறது.
நேற்று அந்த இருபத்திரண்டாம் நிமிஷத் தண்ணியில்
தேத்தண்ணி வைத்து
இரண்டு பேரும் குடித்துப் பார்த்தோம்.
உப்பில்லை என்றா அவ.
கொஞ்சம் என்றேன் நான்.
இன்னொரு கோப்பை ஊற்றினோம்.